கிருத்திகைக் கூட்டத்தில் நான் பேசிய இங்கிலீஷ்

திருத்தணி மலைமேல், கோயில் யானைச் சிலைக்கு முன்னால், பச்சைப் பட்டுப் பாவாடையும் தாவணியுமாக நான் நிற்கிறேன். கையில் பித்தளைக் கூஜா. எதிரே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர். பக்கத்தில் அவருடைய மனைவி. பின்னால் அதே மொட்டை, அதே சந்தனம், வயது மட்டும் குறைவாக ஓர் இளைஞர்.

"ஏம்மா, ஒரு வாய் தண்ணி குடுக்கிறியா? வெயில்ல நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றார் பெரியவர்.

நான் கூஜாவை நீட்டியபடியே, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில், "ஐ ஆம் ஆல்வேஸ் ரெடி டு லெண்ட் எ ஹேண்ட், சார்" என்றேன். உதவி செய்ய எப்போதும் தயார் என்பது அதன் பொருள்.

பெரியவர் கூஜாவை வாங்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"தண்ணி இல்லன்னு சொல்லுது போலக்குது" என்றார் அந்த அம்மா.

ஒரு கூஜாத் தண்ணீருக்கு இவ்வளவு இங்கிலீஷ் ஏன் செலவானது என்று சொல்ல வேண்டுமானால், நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் எங்கள் வீட்டு எருமையைப் பற்றி எழுதப் போய் பாதி அத்தியாயம் எருமையோடு போய்விட்டது. இந்த வாரம் அப்படி ஆகாது என்று நம்புகிறேன்.

கரையான் விட்டு வைத்தது

நாற்பதுகளில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது. பொழுது சாய்வதற்குள் படித்து முடித்தால் உண்டு.

எங்கள் ஊர் ஹைஸ்கூலில் அப்போது பெண்பிள்ளைகள் சொற்பம். எங்களுக்கு என்று சன்னலோரமாக ஒரு பெஞ்சு. நான் ஐந்தாம் பாரம் தேறிவிட்டேன். இன்னும் ஒரே வருஷம், ஆறாம் பாரம் படித்துப் பரீட்சை எழுதிவிட்டால் எஸ்.எஸ்.எல்.சி. அதன் பிறகு டீச்சர் ஆகலாம். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. நகை ஆசை கூட அப்புறம் வந்ததுதான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். எங்கள் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவை. நைனாவுக்கு ஏரிக்குக் கீழே நிலம், ஊரில் மரியாதை, வீட்டில் கோபம் மூன்றும் உண்டு. பள்ளிக்கூடம் திறந்த அன்று அவர் சொல்லிவிட்டார்: "இத்தினி படிச்சது போதும். மிச்சத்த கட்டிக்கிறவன் படிக்க வெக்கட்டும்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அம்மாவின் தம்பி துரைசாமி மாமா அதையே பிடித்துக்கொண்டார். மாமா நெசவு நூல் வாங்க அடிக்கடி சென்னைக்குப் போகிறவர். போகிற இடத்தில் எல்லாம் எனக்கு மாப்பிள்ளை தேடுகிறவர். ஒரு நாள் வந்து நைனாவிடம் சொன்னார்.

"பாவா, ஒரு எடம் கீது. அப்பா ரயில்வே ஆபீசுல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. பையனும் ஆபீசு உத்தியோகம். இங்கிலீஷ் தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்ன்றாங்க. ஆறாம் பாரம் அவங்களே மெட்ராஸ்ல படிக்க வெச்சிடுவாங்களாம்."

நைனா, "எவன்டா அவன் பைத்தியக்காரன்" என்றார். எனக்கு அந்தப் பைத்தியக்காரர் யாராக இருந்தாலும் சரி என்று தோன்றிவிட்டது. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் கிடைக்குமா என்பதுதான் எனக்குக் கேள்வி.

"அந்தக் கிளார்க்கு பேச்சோட பேச்சா இங்கிலீஷ்ல கேப்பாரு. இடியம் பைத்தியம் அவரு. நல்லா நாலு இடியம் எடுத்து விடு" என்றார் மாமா.

இடியம் என்றால் மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்தால் அகப்படாது, மொத்தமாக ஒரு பொருள் இருக்கும். என்னிடம் அதற்கு ஒரு புத்தகம் இருந்தது. என் பெரியப்பா மகன் படித்துவிட்டுப் பரணில் போட்டது. கரையான் முன்னாலும் பின்னாலும் ருசி பார்த்துவிட்டு நடுவில் சில பக்கங்களை மட்டும் விட்டு வைத்திருந்தது. அந்தப் பக்கங்கள் முழுவதும் 'ஹேண்ட்' என்ற ஒரே சொல்லை வைத்து வரும் தொடர்கள். ஆக, கண், காது, மூக்கு, இதயம் எல்லாம் கரையானுக்கு. எனக்குக் கை மட்டும்.

கிடைத்ததை விடுவேனா? நெல் காயப் போடும்போதும் சொன்னேன், எருமைக்குத் தண்ணி காட்டும்போதும் சொன்னேன். 'ஹேண்ட் டு மவுத்' என்றால் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் தின்பது. நம் ஊரில் கைக்கும் வாய்க்குமாக இருக்கிறது என்பார்களே, அதேதான். 'அப்பர் ஹேண்ட்' நம் கை ஓங்கியிருப்பது. பொறுப்பு வேண்டாம் என்றால் வெள்ளைக்காரனும் நம்மைப் போலவே கை கழுவுகிறான் என்று அறிந்தபோது அவன்மேல் கொஞ்சம் இரக்கம் கூட வந்தது. ஒன்று மட்டும் நம்மிடம் இல்லாதது: 'ஓல்ட் ஹேண்ட்'. ஒரு தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அது எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "இன்னாடி எப்பப் பாரு முணுமுணுன்னு இருக்கிற? காத்து கருப்பு எதுனா அடிச்சிச்சா?" கேட்டுவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "மலை மேல கீறவரே, நீதான் பாத்துக்கணும்."

அம்மா முருகா என்று சொல்ல மாட்டாள். நைனாவின் பெயர் முருகேசன். கட்டினவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் சாமிக்கும் அதே கதிதான். திருத்தணியில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு அந்தச் சாமியின் பெயர்தான். அதனால் பாதிப் பெண்கள் சாமியைச் சுற்றி வளைத்துத்தான் கூப்பிட்டார்கள். மலை மேல் இருப்பவர், மயில்காரர், வள்ளி வீட்டுக்காரர் என்று. அவரும் கோபித்துக்கொள்ளாமல் வந்துகொண்டுதான் இருந்தார்.

தற்செயலாகப் பார்ப்பது

பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் ஊருக்குத் தெரியும். பிடிக்காமல் போனால் பெண்ணுக்குப் பெயர் கெடும். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே நாளில் சாமி கும்பிட மலைக்குப் போவது. அங்கே தற்செயலாக ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவது. "எந்த ஊரு", "மழை உண்டா" என்று நாலு வார்த்தை பேசுவது. பிடித்தால் பிறகு ஆள் அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் ஒன்றும் நடக்கவே இல்லை.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. நீங்கள்தான் மாப்பிள்ளை வீட்டாரா என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் தற்செயல் கெட்டுவிடும்.

நாள் ஆடிக் கிருத்திகை. இடம் யானை. எங்கள் மலையில் யானை சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கும். அது இந்திரன் கொடுத்த யானை, தன் ஊர் ஞாபகத்தில் கிழக்கே பார்க்கிறது என்று சொல்வார்கள்.

"ஆள எப்பிடிடா கண்டுபிடிப்ப?" என்று நைனா கேட்டார்.

"இன்னா பாவா இப்பிடிக் கேக்கற? பையனுக்குச் சுருட்ட முடி. அப்பாருக்கும் அதே சுருட்ட. ஆயிரம் பேருல நின்னாலும் அந்த முடிய வெச்சே நான் சொல்லிடுவேன்."

அந்த நம்பிக்கையோடு மலை ஏறினோம். முன்னும் பின்னும் மலர்க் காவடிகள். இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்குத் துரைமார் பங்களா வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பதற்குப் பதிலாக, படிக்குப் படி பாடிக்கொண்டு இந்த மலை ஏறுகிற வழக்கமும் எங்கள் ஊரில் உண்டு. துரைக்குக் கும்பிடு போடப் போகாத அந்தப் படிகளில்தான் நான் துரை பாஷையை முணுமுணுத்துக்கொண்டு ஏறினேன்.

மேலே போனால் ஒரு தலையிலும் முடி இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மொட்டை வேண்டுதல்காரர்கள். மாப்பிள்ளை வீட்டாரும் மொட்டை போடத்தான் வருகிறார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். மொட்டை போட்டால் சுருட்டை முடி போய்விடும் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. மலை முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள். மாமா ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். நைனா மாமாவைப் பார்த்தார்.

"அதோ" என்றார் மாமா கடைசியில். யானையின் தும்பிக்கைப் பக்கம் நிழலில் ஒரு பெரியவர், ஒரு அம்மா, ஒரு இளைஞர். "அந்த மூக்குதான். மூக்கு எங்க போவும்?"

ஓல்ட் ஹேண்ட்

தண்ணீர் இல்லை என்று நான் சொன்னதாக அந்த அம்மா நினைத்த இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

அவசரமாகக் கூஜாவைத் திறந்து ஊற்றினேன். பெரியவர் குடித்துவிட்டு, "கூட்டம் ஜாஸ்திதான் இன்னிக்கி" என்றார். கேள்வி தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய கூட்டத்தைக் காவல்காரர் சமாளிக்கிறார், அவர் கை ஓங்கியிருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"வெளச்சல் எப்பிடிங்க உங்க பக்கம்?" என்று நைனாவைக் கேட்டார் பெரியவர். நைனா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். மழை இல்லாததால் ஏழைகள் ஹேண்ட் டு மவுத் ஆக இருக்கிறார்கள் என்றேன். மாமா பெருமையோடு நைனாவின் விலாவில் இடித்தார்.

பெரியவர் திகைத்துப் போய், "பொண்ணுக்கு ஒடம்பு எதுனா சரியில்லையாங்க? சாமி கிட்ட வேண்டிக்கினு வந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் பின்னால் நின்ற இளைஞர் சிரிப்பதைப் பார்த்தேன். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நிறுத்துகிறவள் இல்லை. பாக்கி இருந்த கை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வீசினேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "யூ ஆர் அன் ஓல்ட் ஹேண்ட் அட் இடியம்ஸ்" என்றார்.

இடியத்தில் நீங்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்.

அதுவரை நான் நெல்லிடமும் எருமையிடமும் தான் அந்தப் பாஷையைப் பேசியிருந்தேன். வகுப்பில் கூட வாத்தியார் கேட்பார், நான் சொல்வேன், அவ்வளவுதான். முதல் தடவையாக ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். அதுவும் நான் ஆசையாக எடுத்து வைத்திருந்த அந்த ஒன்றையே சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது. இங்கிலீஷும் தமிழும் தெலுங்கும் ஒன்றாக ஓடிப் போய்விட்டன.

யானையின் வால் பக்கம்

மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக் கரையில், மாமாவை ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கும் மொட்டை. பக்கத்தில் இன்னொரு மொட்டை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"இன்னாங்க துரைசாமி, வெளயாடறீங்களா? காலைலேர்ந்து யானைக்குப் பின்னாடி குந்திகினு கீறோம்."

அவர்தான் ஹெட் கிளார்க். அவர்கள் வால் பக்கம், நாங்கள் தும்பிக்கைப் பக்கம். நடுவில் யானை.

மாமா அசந்துவிடவில்லை. "அதனால இன்னாங்க, இப்பப் பாத்துட்டாப் போச்சு. இதோ பொண்ணு" என்று என்னை முன்னால் தள்ளினார்.

"பாத்தோமே" என்றார் கிளார்க். "அங்க வேற ஒரு எடத்துல காட்டிக்கினு இருந்தீங்களே, அதையும் பாத்தோம். ஒரே நாள்ல ரெண்டு எடத்துக்குக் காட்டற பொண்ணு எங்களுக்கு வேணாங்க." அவ்வளவுதான். ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்கள்.

வண்டியில் வரும்போது நான் அழுதேன். மாப்பிள்ளை போனதற்கு இல்லை, அந்த மாப்பிள்ளையின் மூக்கைக் கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆறாம் பாரம் போய்விட்டதே என்றுதான் அழுதேன். பள்ளிக்கூடம் திறந்து நாளாகிவிட்டது. சன்னலோர பெஞ்சில் என் இடத்தில் இந்நேரம் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மாமா வழி முழுக்க, "மூக்கு அதே மூக்குதான் பாவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நைனா அவரைப் பாதி வழியில் இறக்கி விட்டுவிட்டார்.

"ஒரு வாரந்தானா?"

சந்தை நாளில் எங்கள் வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. அந்த யானைப் பக்கத்துப் பெரியவர் இறங்கினார். தலையில் அரிசி அரிசியாக முடி முளைத்திருந்தது. சந்தையில், "இங்கிலீஷ் பேசற பொண்ணு வீடு எது?" என்று கேட்டாராம். மூன்று பேர் ஒன்றாகக் கை காட்டினார்களாம்.

மோர் குடித்துவிட்டு நைனாவிடம் சொன்னார். "நாங்க மணவூருங்க. எம் மவன் அரக்கோணத்துல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டு எங்கூடதான் பயிரு பாத்துக்கினு கீறான். மலைக்கி வந்துட்டுப் போனதுலேர்ந்து மாட்டுக்கிட்ட கூட இங்கிலீஷ்லயே பேசறான். மாடு ஏரு ஓட்ட மாட்டேங்குது. உங்க பொண்ணுதான் ஆரம்பிச்சி வெச்சுது, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

நைனா சிரித்துவிட்டார். எருமை கன்று போட்டால் கூடச் சிரிக்காத மனிதர் அவர். ஊர் உறவு எல்லாம் பேசிப் பார்த்ததில் தூரத்து ஒட்டும் இருந்தது. தட்டு மாற்றுகிற அளவுக்குப் பேச்சு போய்க்கொண்டிருந்தது.

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் மகனைப் பிடித்திருந்தது. அதுதான் பயம். பிடித்துப் போனால் வாயை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டு போய்விடுவேன், பரீட்சை அத்தோடு போய்விடும். வெளியே வந்தேன். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். இழுக்க விட்டேன்.

"நான் பரீட்சை எழுதணும். எழுத விடறதா இருந்தாத்தான்" என்றேன்.

நைனாவின் முகம் கறுத்தது. பெரியவர் என்னையே பார்த்தார்.

"பரீட்சன்னா எத்தினி நாளும்மா?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரந்தானா? கடலக் கொல்லைல களை வெட்டவே அதுக்கு மேல ஆவும். எழுதேன், யாரு வேணான்னது?"

அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் நான் இன்னும் ஆறாம் பாரம் படிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, படித்து முடித்தவள் என்று நினைத்துவிட்டார். தெரிந்தபோது தட்டு மாற்றியாகிவிட்டது. அவர் வீட்டு ஜனங்கள் எல்லாம், தாலி கட்டின பெண் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதா என்று பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "வாயி வார்த்த குட்த்துட்டேன். பேசாம போயி வேலயப் பாருங்க."

ஆவணியிலேயே கல்யாணம். கல்யாணம் ஆன அடுத்த வாரமே திருத்தணியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு சன்னலோர பெஞ்சுக்குத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் மணவூரில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் மாறி வருவார். கரையான் தின்ற பக்கங்களுக்குப் பதில் வேறு புத்தகம் கொண்டு வரலாம் அல்லவா? கொண்டு வர மாட்டார். அவருக்கும் அந்தக் கைப் பக்கங்களே போதும். யார் முதலில் சொல்வது என்று எங்களுக்குள் சண்டை நடக்கும். அம்மாவுக்கு இப்போது கவலை இரண்டு பேரைப் பற்றியும்.

எல்லாம் கால்

பரீட்சை நாளில் அவர் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் புளிசாதத் தூக்கோடு காத்திருந்தார். மாமனாரும் கூட வந்திருந்தார். தான் அனுமதி கொடுத்த பரீட்சை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.

இங்கிலீஷ் கேள்வித்தாளைத் திருப்பினேன். இடியம் கேட்டிருந்தார்கள். ஒரு கை கூட இல்லை. எல்லாம் 'ஃபுட்'. கால்.

'புட் யுவர் ஃபுட் டவுன்' என்று ஒன்று. காலைக் கீழே வை. யார் வைத்தார்கள் என்று யோசித்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் ஞாபகம் வந்தது. உறவெல்லாம் தடுத்தும் என் மாமனார் காலை ஊன்றி நின்றார், அதனால் நான் இங்கே இருக்கிறேன் என்று எழுதினேன். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், அது சரிதான். மற்றவற்றுக்கும் வீட்டு ஆட்களையே நினைத்துக்கொண்டு எழுதினேன். அவற்றில் எத்தனை சரி என்று நான் யாரையும் கேட்கவில்லை.

வெளியே வந்து, படித்தது ஒன்றும் வரவில்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மாமனார்தான் தூக்கைத் திறந்தார். "கடல போட்டா பன்னி தின்னுட்டு மிச்சந்தான் நமக்கு. அதுலயே பொழைக்கலையா? துன்னும்மா."

மறுபடி மலை

தேறிவிட்டேன். நைனா பேப்பரில் என் நம்பரைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். படித்தது போதும் என்று சொன்னவர் அவர்தான் என்பது தெருவில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, அவருக்கும் இல்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சொன்னார், நான் தேறினால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாராம். மாமனாரும் தனியாக வேண்டியிருந்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மறு வருஷம் ஆடிக் கிருத்திகை. அதே பச்சையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, அதே கூஜாவோடு மலை ஏறினேன். அவர்கள் இரண்டு பேரும் முடி இறக்கப் போனார்கள். நான் யானைக்கு முன்னால் நின்றேன். நேரம் போனது. கூட்டம் என்னை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கும் மொட்டைகள். எல்லாத் தலையிலும் சந்தனம். மாமா சொன்ன மூக்கை வைத்துத் தேடினேன், எல்லா மூக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் என் புருஷனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாமாவைப் பார்த்து ஒரு வருஷமாகச் சிரித்ததற்கு அன்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? அம்மா சாமியின் பெயரைக் கூட விட்டுக் கொடுத்தவள், அவள் மகள் நான். தொண்டை வரை வந்தது, வாய்க்கு வரவில்லை. காவடிகள் ஆடிக்கொண்டு வந்தன. பயம் பிடித்துக்கொண்டது.

கூஜாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, இருக்கிற சத்தத்தையெல்லாம் கூட்டி, "ஓல்ட் ஹேண்ட்" என்று கத்தினேன்.

அத்தனை மொட்டைத் தலைகளில் ஒரே ஒரு தலை திரும்பியது.